பஜ்ஜிப் பேப்பரிலிருந்து தொடங்குங்கள்: சென்னையில் உங்கள் தோலுக்கு எது சரி?

மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் துரைப்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் மஞ்சப்பையோடு இறங்கி வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் அதைக் கவிழ்த்தாள். ஒன்பது உருப்படி. வைட்டமின் சி சீரம், 10 சதவீத நியாசினமைடு, சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், கிளைகாலிக் டோனர், வால்நட் ஸ்கிரப், பச்சைக் கலரில் ஒரு கற்றாழை ஜெல், நைட் க்ரீம், மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த பாதி அழுத்திய ஒரு ட்யூப், அப்புறம் ஊரிலிருந்து அம்மா அரைத்து அனுப்பிய நலங்கு மாவு.

"எல்லாமே போடறேன்க்கா. முகம் எரியுதே தவிர பரு போகல. எது ஒத்துக்கல, எது ஒத்துக்குதுன்னே தெரியல."

ஒன்பதில் ஒன்றுகூட சன்ஸ்கிரீன் இல்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி கிடையாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கத்திரி வெயிலில், எலுமிச்சம்பழச் சாற்றைக் கடலைமாவில் குழைத்துப் பூசிவிட்டு, சரியாகக் கழுவாமல் மொட்டைமாடிக்கு வடாம் காயப் போடப் போனவள் நான். சாறு வழிந்த இடம் தாடையோரம் ஒரு கோடாகச் சிவந்து, அப்புறம் பழுப்பாக நின்றுவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்தக் கோடு மறைய நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் எதையும் படித்துப் பார்த்துப் போடத் தொடங்கினேன். இங்கே எழுதுவது அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன வரிசைதான்.

முதலில் நிறுத்துங்கள்

இரண்டு வாரத்துக்கு முகத்தில் மூன்றே பொருள்: மென்மையான ஒரு ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். மற்றவை எல்லாம் அலமாரிக்குள். ஏழெட்டு மசாலா போட்ட குழம்பு கரித்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகமும் அப்படித்தான். எரிச்சல் அடங்கினால்தான் தோலின் உண்மையான சுபாவம் தெரியும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் ஏதாவது ஸ்டீராய்டு களிம்பு போட்டு வந்திருந்தாலும், திடீரென்று விட்டால் முகம் முன்னைவிட மோசமாகச் சிவந்து கொப்பளிக்கும். அதை டாக்டர் பார்வையில்தான் விட வேண்டும்.

வேர்வையா, எண்ணெயா?

சென்னையில் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லார் முகமும் பளபளக்கும். அதை வைத்து "எனக்கு ஆயிலி ஸ்கின்" என்று முடிவு கட்டிக்கொண்டு, எண்ணெயைத் துரத்தும் சாமான்களாக வாங்கிக் குவிக்கிறவர்கள் ஏராளம். இதில் பல பேருக்கு அது வெறும் வேர்வை.

வீட்டிலேயே சோதிக்கலாம். முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, எதுவும் பூசாமல் ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் இருங்கள். ஏசி வேண்டாம், அடுப்படியும் வேண்டாம். பிறகு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று தனித்தனித் துண்டாக ஒற்றி எடுங்கள். ஐந்து நிமிடம் மேஜையில் காய விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வேர்வை பட்ட இடம் காய்ந்து பழையபடி வெள்ளையாகிவிடும். எண்ணெய் பட்ட இடம் காயாது. பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஒளி ஊடுருவத் தெரியும்.

எல்லாத் துண்டும் பஜ்ஜிப் பேப்பர் என்றால் எண்ணெய்ச் சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் என்றால் கலவை. நம் ஊரில் நான் பார்த்தவரை இதுதான் அதிகம். எதிலும் படியவில்லை, முகம் இழுத்துப் பிடிக்கிறது என்றால் வறண்ட தோல். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும், எதைப் போட்டாலும் சுள்ளென்று எரிந்து சிவக்கிறது என்றால் அதன் மேல் 'எளிதில் கோபிக்கும் தோல்' என்று இன்னொரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடிப் பெண்ணுக்கு நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் பஜ்ஜி. கன்னம் இரண்டும் சுத்தம். அதாவது கலவைத் தோல். கன்னம் எரிந்ததற்குக் காரணம், எண்ணெயே இல்லாத இடத்தில் மூன்று விதமான அமிலம் போட்டது.

அப்புறம் உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். பைக்கில் ஹெல்மெட் போட்டு ஓஎம்ஆரில் ஒன்றரை மணி நேரமா? பஸ்ஸில் ஜன்னல் ஓரமா? ஒன்பது மணி நேரம் ஏசியா? அடுப்புப் பக்கமா? ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுவதால், எண்ணெய் வழியும் முகம்கூட சாயங்காலம் வறண்டு இழுக்கும். ஹெல்மெட்டின் உள்துணி அழுத்தும் நெற்றியிலும், வார் உரசும் தாடையிலும் வரும் பருவுக்கு எந்தச் சீரமும் ஈடுகொடுக்காது. உள்துணியைக் கழற்றித் துவைக்க வேண்டும், தலைக்கு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

குழாய்த் தண்ணீரையும் கவனியுங்கள். வாளியிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதா? அது உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, நுரைத்ததும் முழுதாகப் போகாது. மெல்லிய படலமாகத் தோலில் தங்கி நமைச்சல் கொடுக்கும். போர் தண்ணீர் வரும் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் முகம் கெட்டது என்று சொல்கிறவர்கள் சும்மா சொல்வதில்லை.

மூன்று அடிப்படைகள்

கழுவுவது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை உடையது, பிஎச் கிட்டத்தட்ட 5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். கழுவியதும் முகம், தேய்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி கிறீச்சென்று இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தோலின் பாதுகாப்புக் கொழுப்பும் சேர்ந்து போய்விட்ட அடையாளம். நுரை குறைவான, வாசனை இல்லாத ஜெல் அல்லது க்ரீம் வகை ஃபேஸ்வாஷ் போதும். காலையில் ஒன்று, வெளியே போய் வந்ததும் ஒன்று. அதற்கு மேல் வேர்த்தால் வெறும் தண்ணீர்.

மாய்ஸ்சரைசர். "எண்ணெய் வழியற முகத்துக்கு இது எதுக்குக்கா?" என்று அவளும் கேட்டாள். தோலுக்கு வேண்டியது எண்ணெய் மட்டும் அல்ல, நீரும்தான். கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் இரண்டும் நீரைப் பிடித்து வைக்கும். செராமைடு தோலின் செங்கல் சுவரில் காரை பூசுவது போல இடுக்கை அடைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி மேலே மூடி போடும். எண்ணெய்த் தோலுக்கு முதல் வகை உள்ள ஜெல், வறண்ட தோலுக்கு மூன்றும் உள்ள க்ரீம். இதில் விலை பார்க்காதீர்கள். மலிவான கிளிசரின் செய்யும் வேலையை எந்த அழகான பாட்டிலும் பெரிதாகத் தாண்டிவிடாது. முகம் கழுவி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் பூசினால் பலன் கூடும்.

தேங்காய் எண்ணெய்? கை, கால், முழங்காலுக்குக் கீழே மார்கழியில் வெள்ளை பூக்கும் இடங்களுக்கு அருமை. பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துளைகளை அடைக்கும். தலையில் வைத்த எண்ணெய் வெயிலில் உருகி நெற்றிக்கு வழிவதும் அதே வேலையைத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. சீயக்காய் தேய்த்து அலசிய பிறகு நெற்றியையும் காதோரத்தையும் இன்னொரு முறை கழுவுங்கள்.

சன்ஸ்கிரீன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மற்ற மாதங்களிலும் ரொம்ப தூரம் போய்விடுவதில்லை. "நான் கறுப்புதானே, எனக்கெதுக்கு" என்பார்கள். கறுத்த தோல் வெளுத்த தோலைப் போலச் சட்டென்று வெந்து போகாது என்பது சரி. ஆனால் ஒரு பரு வந்தாலும், ஒரு கொசுக்கடி வந்தாலும் கறையை நிற்க வைப்பதில் நம் தோல் கெட்டிக்காரத் தோல். வெயில் பட்டால் அந்தக் கறை இன்னும் ஆழமாகும். கறைக்குச் சீரம் போட்டுக்கொண்டு சன்ஸ்கிரீன் இல்லாமல் திரிவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது.

வெயிலின் புற ஊதாக் கதிரில் (யுவி) இரண்டு வகை நம் தோலுக்கு வருகிறது. எஸ்பிஎஃப் என்ற எண் தோலைச் சுடும் யுவி-பி கதிருக்கு. 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. 100 என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிஏ என்பதற்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் யுவி-ஏ கதிருக்கு. மூன்றோ நான்கோ இருக்கட்டும். பஸ் ஜன்னல் கண்ணாடி, காரின் பக்கக் கண்ணாடி இவற்றின் வழியே வருவது இந்த யுவி-ஏ தான்.

இந்த எண்ணெல்லாம் உண்மையாவது சரியான அளவு பூசினால் மட்டும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கிட்டத்தட்ட ஒரு கிராம். அப்படிப் பார்த்தால் 50 கிராம் ட்யூப், நாளுக்கு ஒரு தடவை போட்டாலே ஐம்பது நாளில் தீர வேண்டும். உங்கள் ட்யூப் ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை, பொட்டு வைக்கிறீர்கள்.

வெளியில் நிற்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். வேர்வையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தால் சன்ஸ்கிரீனும் சேர்ந்து வந்துவிடும், ஒற்றி எடுங்கள். வேர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது என்றால் கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக் வகை. ஜிங்க், டைட்டானியம் உள்ளவை முகத்தில் விபூதி பூசிய மாதிரி சாம்பல் தட்டும். அது பிடிக்காதவர்களுக்கு நிறமேற்றிய வகை கிடைக்கிறது. அந்த நிறம் அயர்ன் ஆக்சைடு. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுப்பதால் மங்கு உள்ளவர்களுக்கு அதுதான் நல்லது. துப்பட்டா, குடை, முழுக்கைச் சட்டை எல்லாம் இதோடு சேர்த்துத்தான், இதற்குப் பதிலாக அல்ல. எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு: தரையில் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம்.

ஒரே குறை, ஒரே பொருள்

இரண்டு வாரம் போய் முகம் அடங்கியாயிற்று. இப்போது கண்ணாடி முன்னால் நின்று, உங்களை அதிகம் உறுத்தும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது குறைக்கு இரண்டு மாதம் கழித்து வரலாம்.

பரு, பிளாக்ஹெட்ஸ் என்றால் சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். 2 சதவீதம் வரை போதும், ராத்திரியில், முதலில் வாரம் இரண்டு நாள். சீழ் வைத்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதம் செய்கிற வேலையை 10 சதவீதம் பெரிதாகக் கூட்டிச் செய்வதில்லை, எரிச்சலைத்தான் கூட்டும். ஒரு எச்சரிக்கை: தலையணை உறை, துண்டு, கலர் நைட்டி எல்லாவற்றையும் வெளுத்துவிடும். எங்கள் வீட்டு நீலத் துண்டில் இன்னும் ஐந்து விரல் அடையாளம் இருக்கிறது.

நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் கடுகு தாளித்துக் கொட்டிய மாதிரி ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து, நமைச்சலும் இருந்தால் அது பரு இல்லாமல் இருக்கலாம். மலசீஸியா என்ற ஈஸ்ட், வேர்வையும் எண்ணெயும் உள்ள இடத்தில் பெருகுவதால் வருவது. நம் ஊர்த் தேமலுக்கும் காரணம் அதே ஜீவன்தான். பரு க்ரீம் இதைத் தொடாது. பூஞ்சைக்கான மருந்து வேண்டும். டாக்டரிடம் ஒரு முறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பரு போய்க் கறை நிற்கிறது என்றால் நியாசினமைடு. நிறமி மேல்தோலுக்கு ஏறுவதைக் குறைக்கும். 4, 5 சதவீதமே நன்றாக வேலை செய்யும், 10 சிலருக்குச் சிவக்கும். அதற்கு அடுத்து என் வோட்டு அசெலாயிக் அமிலத்துக்கு. பரு, கறை இரண்டையும் பார்த்துக்கொள்ளும், நம் நிறத் தோலோடு நன்றாக ஒத்துப்போகும். வைட்டமின் சி நல்ல பொருள்தான், ஆனால் சென்னையோடு அதற்கு ஆகாது. சூட்டிலும் காற்றிலும் கெட்டு, தண்ணீர் நிறத்தில் இருந்தது டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். வாங்கினால் சின்ன பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள். மாடிப் பெண்ணின் பாட்டில் ஜன்னல் திட்டில் இருந்ததாம். மேஜையில் அது நல்ல ஸ்ட்ராங் டிகாஷனாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் ஒரே மாதிரி திட்டாகப் படர்ந்தால் அது மங்கு. கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, வெயில் எல்லாம் சேர்ந்து வருவது. நிறமேற்றிய சன்ஸ்கிரீனும் அசெலாயிக் அமிலமும் வீட்டில் செய்யக்கூடியவை, மற்றது டாக்டர் வேலை. ஹைட்ரோகுயினோன் உள்ள க்ரீமை யாரோ சொன்னார்கள் என்று வருஷக்கணக்கில் பூசினால் தோல் நீலச் சாம்பலாக மாறிவிடக்கூடும். பிறகு அதை எடுப்பது மகா கஷ்டம்.

வறட்சிக்கு செராமைடு க்ரீம், குதிகாலுக்கும் முழங்கைக்கும் யூரியா உள்ள க்ரீம். சுருக்கத்துக்கு ரெட்டினால், ராத்திரியில் பட்டாணி அளவு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் ரெட்டினால் வகையைத் தொடவே வேண்டாம்.

கழுத்துக் கறுப்பைப் பற்றி ஒன்று. பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால், அழுக்கு என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறோம். அது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். தேய்த்தால் இன்னும் கறுக்கும். சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். தாடையோரம் மட்டும் ஆழமான பரு, மாதவிலக்கும் ஒழுங்கில்லை என்றாலும் அப்படித்தான், க்ரீமுக்கு முன்னால் டாக்டர்.

போட்டுப் பார்க்கும் விதம்

புதுப் பொருளை நேரே முகத்தில் வைக்காதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில், காலை மாலை, ஏழு நாள். சிவப்பு, நமைச்சல் இல்லை என்றால் முகத்துக்கு. முகத்தில் முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்ட நாளோ, வாரம் இரண்டு நாளோ. இயற்கைப் பொருள் என்றாலும் இதே கதைதான். மஞ்சள் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

தினசரி காலண்டர் கிழிக்கும் வீடாக இருந்தால் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதி வையுங்கள். மாத காலண்டர் என்றால் ராகு காலத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். "சாலிசிலிக் 3-ஆவது நாள், மூக்கோரம் உரிகிறது" என்ற அளவுக்குப் போதும். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள சுமார் நான்கு வாரம் எடுக்கும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் எதற்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. எரிந்தாலோ வீங்கினாலோ மட்டும் அன்றைக்கே நிறுத்துங்கள்.

வரிசை எளிது. காலை: கழுவுதல், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மே மாதத்தில் எண்ணெய்த் தோல்காரர்கள் நடுவில் உள்ளதை விட்டுவிடலாம், சன்ஸ்கிரீனிலேயே போதிய ஈரப்பதம் இருக்கும். இரவு: கழுவுதல், உங்கள் ஒரு பொருள், மாய்ஸ்சரைசர். இரண்டு அமிலமோ, அமிலமும் ரெட்டினாலுமோ ஒரே ராத்திரியில் வேண்டாம்.

டப்பாவின் பின்பக்கம்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் சரக்கு. மேஜையில் கிடந்த பச்சைக் கற்றாழை ஜெல்லை எடுத்துத் திருப்பினோம். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததால் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், அப்புறம் ஜெல்லாக்கும் கார்போமர், ஃபீனாக்ஸிஎத்தனால், வாசனை, அதற்கும் பிறகு கற்றாழை, கடைசியில் பச்சை, மஞ்சள் சாயங்கள்.

பொருள்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி எழுத வேண்டும் என்பது வழக்கம். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் துளித் துளி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஜெல்லில் கற்றாழை இருந்த இடம் அதுதான்.

திறந்த டப்பா படம் போட்டு உள்ளே 6 அல்லது 12 என்று இருந்தால், திறந்த பின் அத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா, வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் என்று சொல்லும் சில க்ரீம்களில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது.

அந்த மெடிக்கல் ஷாப் ட்யூபுக்கு வருவோம். பரு என்று சொன்னதும் கடையில் எடுத்துக் கொடுத்தார்களாம், சீட்டு கேட்கவில்லை. திருப்பினால் ஓரத்தில் ஆர்எக்ஸ் குறி, சிவப்பில் எச்சரிக்கை, பெயர்ப் பட்டியலில் பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு. குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தாலும் அதே ஜாதிதான். இரண்டு நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் கைவிட மனம் வராது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிய, ரோமம் வளர, பரு வெடித்து வரும். 2018-ல் மத்திய சுகாதாரத் துறை இந்த வகைக் களிம்புகள் 14-ஐ, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'எச்' அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ட்யூபும் இப்படி மேஜையில் இருக்கிறது.

தோல் டாக்டர் என்று போர்டு போட்ட எல்லா இடமும் டாக்டர் இடம் அல்ல. எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு தோல் மருத்துவத்துக்கான மேற்படிப்பு, அதாவது எம்.டி. டிவிஎல் அல்லது டிடிவிஎல், படித்தவரா என்று பாருங்கள். செலவுக்குப் பயந்தால், சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் தோல் பிரிவு உண்டு. காலையில் சீக்கிரம் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மழையும் மார்கழியும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் இல்லையே என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள். மேகம் யுவி கதிரை முழுதாக நிறுத்தாது. ஈரத் துணி, ஈரச் செருப்போடு தேமலும் படையும் கூடும் காலமும் இதுதான். மார்கழியில் ஜெல்லிலிருந்து க்ரீமுக்கு மாறலாம், அமிலத்தை வாரத்தில் ஒரு நாள் குறைக்கலாம். பங்குனி பிறந்ததும் பழையபடி.

கடைசியாக அவள், "மீதிய எல்லாம் என்னக்கா பண்றது? காசு போட்டு வாங்கினது" என்றாள். பிரித்து வைத்தோம். டிகாஷன் நிறச் சீரம் குப்பைக்கு. வால்நட் ஸ்கிரப் குதிகாலுக்கு, முகத்துக்கு அந்தக் கரடுமுரடு ஆகாது. கிளைகாலிக் டோனர் முழங்கைக்கு. நைட் க்ரீமும் கற்றாழை ஜெல்லும் கை காலுக்கு. சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் இரண்டு வாரம் கழித்து, ராத்திரி மட்டும், நெற்றி மூக்கு தாடைக்கு. நியாசினமைடு அதற்கும் ஆறு வாரம் கழித்து, மாய்ஸ்சரைசரில் ஒரு சொட்டு கலந்து. நலங்கு மாவைச் சல்லடையில் இன்னொரு முறை சலித்து, உடம்புக்குத் தேய்த்துக் குளிக்க. அதில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம், அம்மா போனில் கேட்பார்களாம்.

ஸ்டீராய்டு ட்யூபைத் தூக்கிப் போடப் போனாள், தடுத்துவிட்டேன். அவள் அதைப் போட்டு வந்தது மூன்று வாரம்தான், இருந்தாலும் காட்ட வேண்டும். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, ட்யூபைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அதைத்தானாம்: "என்ன களிம்பு போட்டே, கொண்டுவந்திருக்கியாம்மா?"